வீட்டு வெப்பக் காப்பு

வீட்டு வெப்பக் காப்பு என்பது, ஒரு வீட்டின் கூரை, சுவர், தளம் ஆகியவற்றின் ஊடாக வெப்பம் கடந்து செல்வதைக் குறைப்பதற்காகச் செய்யப்படும் கட்டிட அமைப்பு ஆகும். குளிர் நாடுகளில் இது உள்ளிருக்கும் வெப்பம் வெளியேறாமல் காக்கின்றது. தமிழ்நாடு, இலங்கை போன்ற வெப்பமான பகுதிகளில் வெளியிலிருந்து வெப்பம் உள்ளே வராமல் தடுப்பதே இதன் முதன்மையான பணியாகும். இரண்டிலும் அடிப்படை இயற்பியல் ஒன்றே எனினும், எந்தப் பொருளை, எவ்வளவு தடிப்பில், எந்த இடத்தில் இடவேண்டும் என்பது காலநிலைக்கும் வீட்டின் அமைப்புக்கும் ஏற்ப வேறுபடுகின்றது. ஓரிடத்துக்குப் பொருத்தமான காப்பு இன்னோரிடத்தில் பயனற்றதாகவோ, கேடு விளைவிப்பதாகவோ அமையக்கூடும்.

வெப்பக் காப்பு வீட்டைக் குளிர்விப்பதில்லை. வெப்பம் கடக்கும் வேகத்தையே குறைக்கின்றது. எனவே, காப்பிடப்பட்ட வீட்டிலும் நிழல், காற்றோட்டம் ஆகியவை தேவைப்படுகின்றன.

வெப்பம் கடக்கும் வழிகள்

வெப்பம் எப்போதும் வெப்பநிலை கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குச் செல்கின்றது. இது மூன்று வழிகளில் நிகழ்கின்றது.

* கடத்தல் - திண்மப் பொருளின் ஊடாக வெப்பம் செல்லுதல். வெயிலில் சூடேறிய கான்கிரீட் தளத்தின் மேற்பரப்பிலிருந்து அதன் அடிப்பரப்புக்கு வெப்பம் வருவது இவ்வழியிலாகும்.
* சலனம் - காற்று, நீர் போன்றவற்றின் ஓட்டத்தினால் வெப்பம் எடுத்துச் செல்லப்படுதல். சன்னல் வழியாக வரும் அனற்காற்று இதற்கு எடுத்துக்காட்டு.
* கதிர்வீச்சு - இடைப்பொருள் எதுவுமின்றி வெப்பம் பரவுதல். சூரிய வெப்பம் கூரையை அடைவதும், சூடான கூரையின் அடிப்பரப்பிலிருந்து கீழே படுத்திருப்பவரின் உடலை வெப்பம் வந்தடைவதும் இவ்வகையைச் சேர்ந்தவை.

அசையாத காற்று வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்துகின்றது. பெரும்பாலான காப்புப் பொருட்கள் இப்பண்பையே பயன்படுத்துகின்றன. பஞ்சு, நார், நுரை ஆகியவற்றில் உள்ள மிகச் சிறிய இடைவெளிகளில் காற்றோ வேறு வளிமமோ சிறைப்பட்டிருப்பதால் சலனம் தடைப்படுகின்றது. பளபளப்பான அலுமினியத் தாள் இதிலிருந்து வேறுபட்டது. அது கதிர்வீச்சைத் திருப்பி அனுப்புவதன் மூலமும், தான் குறைவாகக் கதிர்வீசுவதன் மூலமும் செயற்படுகின்றது.

அளவிடும் முறை

ஒரு பொருளின் ஊடாக வெப்பம் எவ்வளவு எளிதாகச் செல்லும் என்பதை அதன் வெப்பக் கடத்துத்திறன் காட்டுகின்றது. இது மீட்டர்-கெல்வினுக்கு இத்தனை வாட்டு எனக் குறிக்கப்படும். எண் சிறிதாக இருந்தால் காப்பு சிறந்ததாகும். சில பொருட்களின் அண்ணளவான மதிப்புகள் பின்வருமாறு:

* உருக்கு - 50
* கம்பியிட்ட கான்கிரீட் - 1.6
* செங்கல் - 0.6 முதல் 0.8 வரை
* நீர் - 0.6
* காற்றூட்டிய இலகு கான்கிரீட் கல் - 0.12 முதல் 0.18 வரை
* மரம் - 0.12 முதல் 0.15 வரை
* கண்ணாடிக் கம்பளி, பாறைக் கம்பளி - 0.032 முதல் 0.044 வரை
* தெர்மோகோல் எனப்படும் விரிந்த பாலிஸ்டைரீன் - 0.035
* பாலியூரித்தேன் நுரை - 0.022 முதல் 0.028 வரை
* அசையாத காற்று - 0.025

பொருளின் தடிப்பை மீட்டரில் எடுத்து அதன் கடத்துத்திறனால் வகுத்தால் கிடைப்பது வெப்பத்தடை ஆகும். இது ஆர்-மதிப்பு எனவும் அழைக்கப்படுகின்றது. 50 மி.மீ. தடிப்புள்ள தெர்மோகோலின் வெப்பத்தடை சுமார் 1.43 ஆகும். இதே தடையைக் கான்கிரீட்டைக் கொண்டு பெறவேண்டுமாயின் அதன் தடிப்பு ஏறத்தாழ 2.3 மீட்டராக இருக்கவேண்டும். தளத்தைத் தடிப்பாக்கினால் வீடு குளிர்ச்சியாகும் என்னும் பரவலான எண்ணம் எவ்வளவு பயன் தரும் என்பதை இக்கணக்கிலிருந்து அறியலாம்.

கூரையிலுள்ள எல்லா அடுக்குகளின் தடைகளையும், உள், வெளிப் பரப்புகளை ஒட்டியுள்ள காற்றுப் படலங்களின் தடைகளையும் கூட்டி, அக்கூட்டுத்தொகையால் ஒன்றை வகுத்தால் யூ-மதிப்பு கிடைக்கும். இது குறைவாக இருக்கவேண்டும். இந்தியாவில் எரிசக்தித் திறன் பணியகம் 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட, குடியிருப்புகளுக்கான 'ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்னும் விதித்தொகுப்பு, கூரையின் யூ-மதிப்பு 1.2-ஐ விட மிகலாகாது என வரையறுத்துள்ளது.

அமெரிக்காவில் ஆர்-மதிப்பு வேறு அலகில் குறிக்கப்படுகின்றது. அங்கு ஆர்-10 எனப்படுவது மெட்ரிக் முறையில் 1.76 மட்டுமே. இறக்குமதிப் பொருட்களின் உறைகளில் உள்ள எண்களை ஒப்பிடும்போது இவ்வேறுபாட்டைக் கவனத்திற் கொள்ளவேண்டும்.

காலநிலையும் காப்பும்

செருமனியின் டார்ம்ஸ்டாட் நகரில் 1991-ஆம் ஆண்டில் நிறைவடைந்த முதலாவது 'பாசிவ் ஹவுஸ்' வகை வீடுகள், சுவர், கூரை, அடித்தளம் அனைத்தையும் தடித்த காப்பினால் இடைவெளியின்றி மூடி, காற்றுக் கசிவையும் அடைத்து அமைக்கப்பட்டவை. அங்கு குளிர்காலம் முழுவதும் வெப்பம் எல்லாப் பக்கங்களிலிருந்தும் வெளியேற முயல்வதால் இம்முறை பொருத்தமானது.

சென்னையின் நிலை வேறு. அங்கு 2003-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் 45 பாகை செல்சியஸ் வெப்பநிலை பதிவாகியது எனினும், ஆண்டின் பெரும்பகுதியில் வெளிக் காற்றுக்கும் வசதியான அறை வெப்பநிலைக்கும் இடையிலான வேறுபாடு சில பாகைகளே. பெரும் வெப்பம் சூரியக் கதிர்வீச்சின் மூலமே வருகின்றது. ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கில் அமைந்துள்ள சென்னையில் ஏப்ரல் இறுதிப்பகுதியிலும் ஆகஸ்டு நடுப்பகுதியிலும் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கின்றது. அதனால் கோடையில் சுவர்களைவிடக் கூரையே மிகுதியான வெயிலைப் பெறுகின்றது. யாழ்ப்பாணம், மதுரை, திருச்சிராப்பள்ளி போன்ற இடங்களுக்கும் இது பொருந்தும்.

ஆகவே, இப்பகுதிகளில் தனிவீட்டுக்கும், மாடிக் கட்டிடத்தின் மேல்தளத்துக்கும் கூரைக் காப்பே முதன்மையானது. இடைத்தளங்களில் உள்ள குடியிருப்புகளுக்குக் கூரைக் காப்பினால் பயனில்லை. அவற்றுக்கு மேற்குச் சுவரையும் சன்னல்களையும் நிழலில் வைப்பதே வழியாகும்.

மரபுவழிக் கூரைகள்

பனையோலை, தென்னங் கிடுகு, வைக்கோல் ஆகியவற்றால் வேய்ந்த கூரைகள் காற்றைச் சிறைப்படுத்தும் இயல்புடையவை. அவை சிறந்த வெப்பக் காப்பாக விளங்கினாலும் எளிதில் தீப்பற்றுவதாலும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவேண்டியிருப்பதாலும் குறைந்து வருகின்றன. நாட்டு ஓட்டுக் கூரையில் ஓடுகளின் இடைவெளிகள் வழியே சூடான காற்று வெளியேறுகின்றது.

மெட்ராஸ் தளம் எனப்படும் பழைய மொட்டை மாடி அமைப்பில், மர விட்டங்களின் மேல் செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கான்கிரீட்டை இட்டு, மேலே தட்டோடு பதிப்பர். செங்கல் ஜல்லியும் தட்டோடும் பின்னர் கம்பியிட்ட கான்கிரீட் தளத்தின் மேலும் இடப்பட்டு வந்தன. இதன் சிறப்பு நீர்க்கசிவைத் தடுப்பதிலும், பகல் வெப்பத்தைத் தாமதப்படுத்துவதிலும் உள்ளது. வெப்பத்தடை என்ற அளவில் பார்த்தால், 100 மி.மீ. தடிப்புள்ள ஜல்லித் தளம் சுமார் 5 மி.மீ. தெர்மோகோலுக்கே சமமாகும். அதன் எடையோ சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 180 கிலோகிராம். எனவே காப்புக்காக மட்டும் இதனை இடுவது பொருத்தமன்று.

மண்பானைகளைக் கவிழ்த்து அடுக்கி, இடையே சாந்து நிரப்பும் முறையும் தமிழ்நாட்டில் பயன்பாட்டில் உள்ளது. பானைகளுள் அடைபட்ட காற்று இங்கு காப்பாகின்றது.

காப்பை இடும் இடம்

கான்கிரீட் தளத்தின் மேற்புறத்தில் காப்பிடுவதும், அடிப்புறத்தில் காப்பிடுவதும் கணக்கில் ஒரே வெப்பத்தடையைத் தரக்கூடும். நடைமுறையில் இரண்டும் வேறானவை.

காப்பில்லாத கான்கிரீட் தளம் பகல் முழுவதும் வெப்பத்தைச் சேமித்து, மாலையிலிருந்து அதனை அறைக்குள் வெளியிடுகின்றது. வெளிக் காற்று குளிர்ந்த பின்னரும் மேல்மாடி அறை புழுங்குவதற்குக் காரணம் இதுவே. முதியோர், குழந்தைகள், நோயாளர் ஆகியோருக்கு இரவிலும் தணியாத வெப்பம் பகல் வெப்பத்தைவிட மிகுந்த தீங்கு செய்யவல்லது. உடல் தேறுவதற்கான ஓய்வு கிடைக்காமல் போவதே இதற்குக் காரணமாகும்.

மேற்புறத்தில் காப்பிட்டால் தளம் வெயிலைப் பெறுவதில்லை. அதன் பெருந்திணிவு அறையின் பக்கம் இருப்பதால் அறை வெப்பநிலை சீராகின்றது. வெப்பத்தால் விரிந்து சுருங்குவதும் குறைவதால் விரிசல்கள் தவிர்க்கப்படுகின்றன. அடிப்புறத்தில், பொய்க்கூரையின் மேல், காப்பிட்டால் தளம் சூடேறுவதைத் தடுக்க இயலாது. சூடேறிய தளத்திலிருந்து அறை மட்டும் பிரிக்கப்படுகின்றது. மொட்டை மாடி பிறர் வசத்தில் உள்ளபோதும், பகலில் மட்டும் குளிரூட்டப்படும் அறைகளிலும் இம்முறை பயன்படும்.

தகரக் கூரைக்குப் பெருந்திணிவு இல்லை. அது வெயில் பட்டவுடன் சூடேறி, வெயில் தாழ்ந்ததும் விரைவில் ஆறுகின்றது. இதன் அடியில் காற்றிடைவெளி விட்டு, பளபளப்பான பக்கம் கீழ்நோக்குமாறு அலுமினியத் தாளைக் கட்டுவது செலவு குறைந்த முறையாகும். மேல்நோக்கிய பளபளப்பில் தூசி படிந்து அதன் பயன் குறையும். தாள் தகரத்தோடு ஒட்டியிருந்தால் வெப்பம் கடத்தல் மூலம் அதற்கு வந்துவிடும்; கீழ்ப்புறமும் வேறொரு பரப்போடு ஒட்டியிருந்தால் தாளினால் பயனே இராது.

காப்புப் பொருட்கள்

* வெண்பூச்சு - சுண்ணாம்பு அல்லது வெண்ணிறக் கூரைப் பூச்சு. இது காப்புப் பொருளன்று. வெயில் உள்வாங்கப்படுவதைக் குறைக்கின்றது. சாதாரணக் கான்கிரீட் பரப்பு சூரியக் கதிர்வீச்சில் ஏறத்தாழ கால் முதல் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்ப, புதிய வெண்பூச்சு 70 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்பவல்லது. அழுக்கும் பாசியும் படிவதால் மறுபடியும் பூசவேண்டும். தெலங்காணா மாநில அரசு 2023-ஆம் ஆண்டில் இத்தகைய குளிர்கூரைகளுக்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டது.
* தெர்மோகோல் - விலை குறைந்தது, எடை குறைந்தது. தளத்தின் மேல் இடுவதற்கு அடர்த்தி கூடிய வகை தேவை. ஏறத்தாழ 80 பாகை செல்சியசுக்கு மேல் உருக்குலையத் தொடங்குவதால் இதன்மேல் சூடான தாரை நேரடியாக ஊற்றலாகாது. கரைப்பான் கலந்த பசைகளும் இதனைக் கரைத்துவிடும்.
* அழுத்தி வார்த்த பாலிஸ்டைரீன் - மூடிய நுண்ணறைகளைக் கொண்டிருப்பதால் நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சுகின்றது. அமுக்கத்தையும் தாங்கும். நடமாட்டம் உள்ள மொட்டை மாடிக்கு ஏற்றது; விலை கூடியது.
* பாலியூரித்தேன் நுரை - 1937-இல் செருமானிய வேதியியலாளர் ஓட்டோ பாயர் கண்டறிந்த பாலியூரித்தேனிலிருந்து பெறப்படுவது. தெளிப்பு முறையில் இடைவெளியின்றிப் பரப்பலாம். புற ஊதாக் கதிர்களால் சிதைவதால் மேற்பூச்சு இன்றியமையாதது.
* கண்ணாடிக் கம்பளி, பாறைக் கம்பளி - பொய்க்கூரையின் மேலும், தகரக் கூரையின் அடியிலும் இடப்படுகின்றன. நனைந்தாலும் அமுங்கினாலும் பயன் குறையும். பாறைக் கம்பளி தீயைத் தாங்கவல்லது.
* காற்றூட்டிய இலகு கான்கிரீட் கல் - காப்பும் சுவரும் ஒன்றாக அமைந்தது. புதிதாகக் கட்டப்படும் மேற்குச் சுவர்களுக்குப் பொருத்தமானது.

போதிய தடிப்பு

காப்பின் தடிப்பை இரட்டிப்பாக்கினால் பயன் இரட்டிப்பாவதில்லை. 120 மி.மீ. தடிப்புள்ள கம்பியிட்ட கான்கிரீட் தளத்தின் மேல் தெர்மோகோல் இடும்போது யூ-மதிப்பு பின்வருமாறு குறைகின்றது:

* காப்பின்றி - 3.5
* 25 மி.மீ. - 1.0
* 50 மி.மீ. - 0.58
* 100 மி.மீ. - 0.32

முதல் 25 மி.மீ. காப்பு கூரையூடான வெப்ப ஓட்டத்தில் சுமார் 71 விழுக்காட்டைத் தடுக்கின்றது. அடுத்த 25 மி.மீ. மேலும் 12 விழுக்காட்டையும், அதற்கு மேலிடும் 50 மி.மீ. வெறும் 8 விழுக்காட்டையுமே தடுக்கின்றன. இந்திய விதித்தொகுப்பின் 1.2 என்னும் எல்லையை ஏறத்தாழ 20 மி.மீ. தடிப்பிலேயே எட்டிவிடலாம். எனவே, குளிரூட்டி இல்லாத வீட்டுக்கு 25 முதல் 50 மி.மீ. வரை போதுமானது. மிகுந்த தடிப்புக்குச் செலவிடும் பணத்தை வெண்பூச்சுக்கும் சன்னல் வெயில்மறைப்புக்கும் பயன்படுத்துவது கூடிய பயன் தரும்.

ஈரப்பதம்

நீர் அசையாத காற்றைவிட ஏறத்தாழ 24 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்துகின்றது. நனைந்த காப்பு தன் பயனை இழப்பதோடு, பூஞ்சணத்துக்கும் கம்பிகளின் துருவுக்கும் இடமளிக்கின்றது. ஆகவே ஒழுகும் தளத்தைச் செப்பனிட்டு, நீர்க்கசிவுத் தடுப்பையும் நீர் வடிவதற்கான வாட்டத்தையும் உறுதி செய்த பின்னரே காப்பிடவேண்டும்.

குளிரூட்டப்பட்ட அறைகளில் வேறொரு சிக்கலும் உண்டு. 32 பாகை செல்சியஸ் வெப்பநிலையும் 70 விழுக்காடு ஈரப்பதமும் கொண்ட காற்று, ஏறத்தாழ 26 பாகைக்குக் குளிர்ந்தாலே நீர்த்துளிகள் தோன்றும். கடற்கரை நகரங்களில் இந்நிலை இயல்பானது. எனவே இங்கு நீராவித் தடுப்புப் படலம் காப்பின் வெளிப்பக்கத்தில் இருக்கவேண்டும். குளிர் நாடுகளில் அது உட்பக்கத்தில் இடப்படும். அந்நாடுகளின் கையேட்டை அப்படியே பின்பற்றினால் ஈரம் காப்பினுள் சிறைப்படும்.

பாதுகாப்பு

பாலிஸ்டைரீன், பாலியூரித்தேன் ஆகிய நுரைகள் எரியக்கூடியவை. எரியும்போது நச்சுப் புகையை வெளிவிடுபவை. கான்கிரீட் தளத்தின் மேல், சாந்துப் படையின் அடியில் இருக்கும்போது ஆபத்து குறைவு. அறையின் உட்புறத்தில் மூடப்படாமல் விடுவது தவறு. இலண்டனில் 24 மாடிகளைக் கொண்ட கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017-ஆம் ஆண்டு சூன் 14-ஆம் நாள் ஏற்பட்ட தீயில் 72 பேர் இறந்தனர். அக்கட்டிடத்தின் வெளிச்சுவரில் அதற்கு முந்தைய ஆண்டுகளில் பொருத்தப்பட்ட, பாலிஎதிலீன் உள்ளீடு கொண்ட அலுமினியத் தகடுகள் தீ பரவியதற்கு முதன்மைக் காரணமாயின. தகடுகளுக்குப் பின்னால் இருந்த நுரைக் காப்பும் தீக்குத் துணை செய்தது.

ஆத்திரேலியாவில் 2009-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட வீட்டுக் காப்புத் திட்டத்தில் நான்கு இளந்தொழிலாளர்கள் இறந்தனர். மூவர் மின்தாக்குதலாலும், ஒருவர் கூரையினுள் நிலவிய கடும் வெப்பத்தாலும் இறந்தனர். மின்தாக்குதலுக்கு உள்ளானவர்களில் இருவர் உலோகத் தாள் காப்பைப் பொருத்தியவர்கள். திட்டம் 2010 பெப்ரவரியில் நிறுத்தப்பட்டது. கூரையின் அடியில் அலுமினியத் தாளைக் கட்டும்போது மின்னிணைப்பை முற்றாகத் துண்டிக்கவேண்டும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

கல்நார் சிமெண்ட் தகடுகள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பல வீடுகளுக்குக் கூரையாக உள்ளன. கல்நார் இழைகள் புற்றுநோயை உண்டாக்குபவை. இத்தகடுகளைத் துளையிடுவதும், அறுப்பதும், உலர்ந்த நிலையில் சுரண்டுவதும் இழைகளைக் காற்றில் கலக்கச் செய்யும். எனவே தகட்டைத் தொடாமல், சுவரிலோ தனிச் சட்டத்திலோ தாங்கிய பொய்க்கூரை மூலம் காப்பிடுவதே பாதுகாப்பானது. கண்ணாடி, பாறைக் கம்பளிகள் கல்நாரிலிருந்து வேறானவை. எனினும் அவற்றின் துகள்கள் தோலையும் கண்ணையும் உறுத்துவதால் கையுறையும் முகமறைப்பும் தேவை.

தெரிவு செய்யும் ஒழுங்கு

வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பகுதியில் உள்ள வீட்டுக்குக் காப்பைத் தெரிவு செய்கையில் பின்வரும் ஒழுங்கு பொருத்தமானது.

# வெப்பம் கூரை, மேற்குச் சுவர், சன்னல் ஆகியவற்றுள் எதன் வழியாக மிகுதியாக வருகின்றது என்பதை அறிதல். மாலையில் தளத்தின் அடிப்பரப்பையும் சுவர்களையும் கையால் தொட்டு ஒப்பிட்டாலே இது பெரும்பாலும் புலப்படும்.
# ஒழுக்கையும் விரிசலையும் சரிசெய்தல்.
# மரம், பந்தல், வெயில்மறைப்பு ஆகியவற்றால் நிழல் அமைத்தல். கூரைக்கு வெண்பூச்சு பூசுதல்.
# இவற்றுக்குப் பின்னும் வெப்பம் தணியாவிடில், தளத்தின் தாங்குதிறனுக்கும் நடமாட்டத்துக்கும் ஏற்ற பொருளை மேற்புறத்தில் இடுதல்.
# இரவில் சன்னல்களைத் திறந்து, பகலில் சேர்ந்த வெப்பத்தை வெளியேற்றுதல். காப்பிட்ட கூரை உள்ளிருக்கும் வெப்பம் மேலே செல்வதையும் தடுப்பதால் இது இன்றியமையாதது.

இவ்வொழுங்கில் செலவு குறைந்தவை முதலிலும் கூடியவை பின்னரும் அமைந்துள்ளன. வாடகை வீட்டில் வாழ்வோரும் குறைந்த வருவாய் உள்ளோரும் வெண்பூச்சு, நிழல், இரவுக் காற்றோட்டம் ஆகியவற்றைக் கொண்டே மேல்மாடி அறையின் இரவு வெப்பத்தைக் கணிசமாகக் குறைத்துக்கொள்ள முடியும்.